ட்ரிம் போடுவதற்கு முன்

திரையிலிருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, நெற்றியில் விழுந்த நிழலைக் கொஞ்சம் போல வெளுக்கவைத்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் திருச்செல்வம். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்கிறார். அந்த அம்மாளைப் போன வாரம்தான் தகனம் செய்தார்கள். ஆனாலும் அவர் லேசாகச் சிரித்த மாதிரிதான் எனக்கும் தெரிகிறது.

எங்கள் ஊரான பாயா ரும்புட்டில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, கார் நிற்க வேண்டிய முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். கார் வெளியே வெயிலில் காயும். கைலி, பனியன், நெற்றி நிறைய திருநீறு. பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, பால் விடாத தே ஓ ஐஸ் தேநீர் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டு சொட்டும். கருமக்கிரியை அன்று இறந்தவரின் படங்களை இசையோடு திரையில் ஓடவிடுவது இப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் படங்கள் இவரிடம்தான் வரும்.

எல்லாருக்கும் ஒரே புல்லாங்குழல் இசைதான். வீடியோ கொடுத்தால், அதிலிருக்கும் சத்தத்தை எடுத்துவிட்டு அதன் மேலும் புல்லாங்குழலைப் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன். "கோழி சத்தம், மோட்டார் சத்தம், எல்லாம் கேக்கும் லா. சாவு வீட்ல அதெல்லாம் எதுக்கு?" என்றார்.

காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு, தன்னிடமுள்ள படங்களை மறுநாளே அழித்துவிடுவார். அது அவர் மனைவி இந்திராதேவியின் கட்டளை. "வெளக்கு வெக்கிற வீடு. இத்தன பேர எங்க படுக்க வெக்கிறது?" என்பார் அந்த அம்மாள்.

ஆனால் அழிக்கப்பட்டவர்கள் உடனே போய்விடுவதில்லை என்பது திருச்செல்வத்தின் சித்தாந்தம். அவருடைய பழைய மடிக்கணினியில் முதலில் இருந்த வட்டு செத்துப்போய், வேறு கம்பெனியின் எஸ்எஸ்டி வட்டு ஒன்றை வாங்கித் தானே திருகி மாட்டியிருக்கிறார். கணினிக்கு அது மாற்றாந்தாய்ப் பிள்ளை. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் போதெல்லாம் ட்ரிம் என்ற வசதியை அந்த வட்டுக்கு மட்டும் அணைத்துவிடும். இவர் கட்டளை தட்டித் திரும்பப் போட வேண்டும்.

"டெலீட் பண்ணா பேர மட்டும்தான் அடிக்கும் சார். ஆளு உள்ளாற தூங்கிக்கிட்டு இருப்பாரு. ட்ரிம் வந்துதான் ரூம காலி பண்ணும். காலி பண்ணலன்னா நாளாவ நாளாவ மிஷின் சிலோ ஆயிரும்."

இந்த முறை புதுப்பித்த பிறகு, 'நாளைக்குப் போடலாம்' என்று விட்டுவிட்டார். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. கணினி ஆமையாக ஊர்ந்தது. ஒரு நாள் போடலாம் என்று உட்கார்ந்தபோது ஷாந்தினி வந்தாள். அவள் அப்பா சாமிக்கண்ணுவின் கருமக்கிரியைக்கு, புதுப்பித்த சில நாட்களில், இவர்தான் படம் செய்து கொடுத்திருந்தார்.

"அங்கிள், செர்காம் கடலோரத்துல மீன் சாப்புடப் போனப்ப போன் தண்ணியில விழுந்துருச்சு. அப்பா வீடியோ ஒன்னு அதுலதான் இருந்துச்சு. நீங்க குடுத்ததுல படம் இருக்கு. கொரல் இல்ல. புல்லாங்கொழல்தான் இருக்கு."

திருச்செல்வத்தின் முகம் சுண்டிப்போனது. அந்தக் குரலை நீக்கியவரும் அவர்தான், மூல வீடியோவை அழித்தவரும் அவர்தான். உலகத்தில் அது மிச்சமிருந்தால், ட்ரிம் போடாத அந்த வட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். புதிதாக எதைச் சேமித்தாலும் அது அந்தக் குரலின் மேல் போய் உட்கார்ந்துவிடலாம். வந்த வேலையையெல்லாம் திருப்பி அனுப்பினார். பாச்சாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் மட்டும், காரியத்துக்கு இன்னும் நாளிருந்ததால், பொறுத்திருக்கச் சொன்னார்.

பிறகு, அழிந்த கோப்புகளைத் தேடியெடுக்கும் மென்பொருள் ஒன்றை வெளி வட்டிலிருந்து ஓடவிட்டார். வெளியே விடாத மழை. திரையில் பெயரில்லாமல், வெறும் எண்களோடு முகங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. சிலவற்றில் பாதி முகம்தான் இருந்தது. மீதியில் வேறு யாருடைய பிறந்தநாள் கேக்கோ இருந்தது. நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எது மழைச் சத்தம், எது விசிறிச் சத்தம் என்றே பிரித்தறிய முடியாமல் ஒரு மயக்கம். திருச்செல்வம் திரையில் வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். "வாங்க ஐயா. ஒங்க மகளுக்குப் பொண்ணு பொறந்துருக்கு." "அக்கா, ஒங்க வீட்ட வித்துட்டாங்க. நல்ல ஆளுங்கதான் வாங்கியிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அவர்களுக்குச் சொல்ல ஏதாவது செய்தி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாமிக்கண்ணு இரண்டாம் நாள் மாலையில் வந்தார். திருச்செல்வம் தான் முதலில் போட்டுக் கேட்காமலே ஷாந்தினியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் வீடியோவை ஓடவிட்டார். படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆள் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் உறைந்து நின்றுவிட்டது. ஆனால் குரல் வந்தது. எங்கோ ஒரு கோழி கொக்கரிக்க, கூடவே குழாய்த் தண்ணீர்ச் சத்தம்.

"ஷாந்தினி, போன வெச்சிட்டுத் துணிய எடு. மழ வருது பாரு."

அவ்வளவுதான். ஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவ போடுங்க அங்கிள்" என்றாள். அவர் எத்தனை தடவை போட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பாச்சாங் குடும்பத்தின் படங்கள் காத்திருந்தன. கணினியோ ஒரு படத்தைத் திறக்கவே திணறியது. ட்ரிம் போட்டே ஆக வேண்டும்.

"வேற ஏதாச்சும் வேணுமா தங்கச்சி? இத போட்டா அப்பறம் யார் கூப்புட்டாலும் வரமாட்டாங்க."

"இல்ல அங்கிள். போதும்."

கட்டளையைத் தட்டினார். நிச்சயம்தானா என்று கணினி கேட்டது. 'ஒய்' எழுத்தை அழுத்தினார். இன்னொரு முறையும் கேட்டது. விரல் எழுத்தின் மேலேயே நின்றது. அவர் யாரை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அழுத்தினார்.

அணைந்து மறுபடி எழுவதற்காகத் திரை கறுத்தது. திருச்செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். பிண ஊர்தி கடந்துபோகும் வரை சாலையோரம் நிற்பவரைப் போல, கையைக் கட்டிக்கொண்டு, திரையில் வெளிச்சம் வரும் வரை நின்றார்.