அன்னப்பறவை நுழையாத வீடு

அம்மாவை வேலையை விட்டு எடுத்த விதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காருக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போய் அடையாள அட்டையைத் தேய்த்திருக்கிறாள், கேட் திறக்கவில்லை. செக்யூரிட்டி கையை விரித்துவிட்டார். கொண்டுபோய் இறக்கிய கம்பெனி பஸ் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் மறுத்துவிட்டது. வேகாத வெயிலில் வல்லக்கோட்டை வரை நடந்தே வந்தாள்.

"நேத்து லைன வுட்டு நகந்துட்டேனாம்" என்றாள். லைன் என்றால் வரிசையாக நின்று வயர் கட்டும் இடம்.

அந்தத் தொழிற்சாலை ஒரே குடும்பத்தின் சொத்து. அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளுமாக உப்பிலிருந்து சிமெண்ட் வரை விற்றார்கள். எல்லாவற்றிலும் ஓர் அன்னப்பறவை முத்திரை இருக்கும். அன்று சாயங்காலம் அம்மா சட்டம் போட்டாள்.

"இனிமே அந்தப் பறவ இந்த வூட்டுக்குள்ள நொழையக் கூடாது."

நாலாம் வகுப்புப் படித்த நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரி மாதிரி வீட்டைச் சோதனை போட்டேன். உப்பு, சோப்பு, டீத்தூள், தலைவலித் தைலம் எல்லாம் வாசலுக்குப் போயின. ஃபேனின் நடுவிலும் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. சுவிட்சை அணைத்தேன்.

அப்பா துண்டால் விசிறிக்கொண்டே, "அப்ப தரையயும் பேத்துடலாமா? சிமெண்டும் அவுங்களுதுதான்" என்றார். அம்மா முறைத்தாள். கடைசியில் தரைக்கும் ஃபேனுக்கும் மட்டும் மன்னிப்புக் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். பெண்பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கழிப்பறை அந்தக் குடும்பம் கட்டிக்கொடுத்தது. வாசலில் பளிங்குக்கல், அதில் முதலாளி பெயர், பக்கத்திலேயே பறவை. நான் போவேனா? காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் பாவாடை நனைந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அப்படியொரு ஆத்திரம்.

"அது அவுங்க கட்னது டீச்சர், நான் போ மாட்டேன்!" என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். அம்மா மெச்சுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"காலைலேந்து அடக்கிகினா இருந்த?"

தலையாட்டினேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் என் கையைப் பிடித்துப் பளிங்குக்கல்லைத் தாண்டி அந்தக் கழிப்பறைக்குள் அவளே கொண்டுபோய் விட்டாள். கதவுக்கு வெளியே காவல் நின்றபடி, "எவ்ளோ நேரம் ஆனாலும் இரு. எவன் வந்து கேக்கறான்னு நானும் பாக்கறேன்" என்று உரக்கச் சொன்னாள்.

கேட்பதற்கு அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. யாரிடம் இவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. போட்ட சட்டத்தை அவளே உடைத்துவிட்டாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை; அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.

லைனை விட்டு நகர்ந்து அவள் எங்கே போனாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தன் இடத்தில் நிற்க மாற்று ஆள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல், கழிப்பறைக்குத்தான் போயிருக்கிறாள்.