கிட்டப் போய்க் கேட்க வேண்டிய கேமரா

நந்திதுர்க்கில் ஞாயிற்றுக்கிழமை காலை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, வெளியே நின்று ஒருவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். ஒரு கன்னம் முழுக்க நுரை. அவருக்குப் பின்னால், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நிற்கிறது. எனக்கு இந்தப் படம் வேண்டும்.

என்னுடன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், சாலையின் மறுபக்கம் நின்றபடியே நீண்ட லென்ஸைத் திருப்பி நாலைந்து படம் எடுத்துவிடுகிறார். சவரம் செய்பவருக்குத் தெரியவேயில்லை. எனக்கு வயிறு எரிகிறது. என் சின்ன டிஜிட்டல் கேமரா சட்டைப் பையில் அடங்கும். நல்ல வெயிலில், பக்கத்தில் நின்றால் தெளிவாகவே எடுக்கும். தூரத்து முகத்தை ஜூம் செய்தால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் கிட்டப் போய்க் கேட்டாக வேண்டும். புது ஆளிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“இன்னாண்ணா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க? யாரு வோணும்?” அவரே கேட்டுவிடுகிறார்.

“உங்கள ஒரு போட்டோ...”

“என்னியா? இந்தக் கோலத்துலயா? இருங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க!”

“இப்படியே இருந்தா...” என்று நான் முடிப்பதற்குள் உள்ளே போய்விடுகிறார்.

திரும்பி வரும்போது முகத்தில் நுரை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கோபுரத்தை மறைத்து விறைப்பாக நிற்கிறார். எடுத்ததும் ஓடி வந்து திரையைப் பார்க்கிறார்.

“சூப்பரா கீறேன் இல்ல?”

“நல்லா வந்திருக்குங்க” என்கிறேன்.

லென்ஸ்காரர் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்கு யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.