மடக்கி உழாத சணப்பு

கீழப்பழுவூர்ப் பக்கம் சணப்பு விதைத்தால், பூ எடுத்ததும் மடக்கி உழுதுவிடுவார்கள். நெல்லுக்கு அதுதான் உரம். அமிர்தவல்லி மட்டும் இந்த வருசம் அரை ஏக்கரை விதைக்கென்றே விட்டுவைத்தாள். போன வருசம் கடையில் வாங்கிய விதையில் பாதி முளைக்கவே இல்லை. கணவர் ரெட்டிபாளையத்துக்கு சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்விடுவார். வயல் அவள் பொறுப்பு. இனி விதைக்காக எவரிடமும் போய் நிற்பதில்லை என்று பெருமாள் பெயரைச் சொல்லி விதைத்திருந்தாள்.

முழங்கால் உயரம் வந்தபோது புழு இறங்கியது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் பட்டை, மேலெல்லாம் மயிர். நாலே நாளில் இலை சல்லடையானது. குருத்தும் போனது.

கொழுந்தன் மணிவண்ணன் டிராக்டரோடு வந்துவிட்டான்.

"அண்ணி, புழுவுக்கு விருந்து வச்சது போதும். தள்ளுங்க, மடக்கிடறேன்."

"தள்ள மாட்டேன். என் மேல ஏத்திட்டுப் போ."

"மருந்தாவது அடிங்க."

"அடிச்சா தேனீயும் செத்துப்போவும். தேனீ வராம காய் எங்கேருந்து புடிக்கும்?"

"அப்ப இத வச்சு என்ன பண்ணப் போறீங்க, தொடப்பமா?"

"பண்ணுனா மொத அடி ஒனக்குத்தான் தம்பி."

வேடிக்கை பார்க்க வரப்பில் கூடியவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மணிவண்ணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

தினம் விடியலில் சோப்புத் தண்ணீர் டப்பாவோடு இறங்கினாள். முட்டை இட்ட இலையைக் கிள்ளினாள். புழுவைப் பொறுக்கிப் போட்டாள். "பெருமாளே, பாவம் என் தலையில. பயிர மட்டும் வுட்டுரு" என்பாள்.

குருத்து போன இடத்தில் பக்கக் கிளைகள் வெடித்தன. பூ பத்து நாள் பிந்தித்தான் வந்தது. காய் பிடித்ததும் புழு மறுபடி வந்து காயையே துளைத்தது. அவள் பயந்தது இதற்குத்தான். இலை போனால் துளிர்க்கும். காய்க்குள் புழு புகுந்தால் விதை போச்சு. ஓட்டை விழுந்த காய்களைப் பறித்துக் கொளுத்தினாள். விரலெல்லாம் தடித்து அரித்தது.

அறுப்பு நாளில் மணிவண்ணன் வந்து பார்த்தான்.

"ஆளுயரம் வளர வேண்டியது, இடுப்போட நின்னுபோச்சே அண்ணி."

காய்ந்த காய் ஒன்றைப் பறித்து அவன் காதருகே ஆட்டினாள். கலகலவென்றது.

இரண்டு மூட்டை வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. முதல் படியைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். அடுத்த வாரம் மணிவண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நின்றான்.

"எனக்கும் கொஞ்சம் வெத வேணும் அண்ணி."

"தாரேன். ஒரு மூலைய உழாம வெதைக்கு வுடறேன்னு சொல்லு."

"புழு வந்தா?"

"குனிஞ்சு பொறுக்கு. நான் பொறுக்கல?"

 அவள் மூட்டையின் கட்டை அவிழ்க்காமல் நின்றாள்.

"சரி அண்ணி, வுடறேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் விதை அளக்கப் படியை எடுத்தாள்.