வலை மட்டும் தெளிவாக விழுந்த படங்கள்

அந்த மூன்று மாடிக் கடையில் கேமரா பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் அவளை ‘சூம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வந்து நின்றாலும் அவள் முதலில் எடுத்து நீட்டுவது நீளமான சூம் லென்ஸ் மாட்டிய கேமராவைத்தான்.

“இதுல பாருங்க சார், எதிர்மாடியில காயுற துணிக்கு எத்தனை பித்தான்னு எண்ணிச் சொல்லலாம்” என்பாள். வந்தவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

அதற்கு முன் அவள் மிக்சியும் இஸ்திரிப்பெட்டியும் விற்றுக்கொண்டிருந்தவள். கேமரா பக்கம் மாற்றியபோது ஷட்டர் என்றால் கடைக்கதவு என்றுதான் நினைத்தாள். அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருந்ததை பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் செய்தாள். லென்ஸ் வாங்க வரும் போட்டோக்காரர்களை விடாமல் கேள்வி கேட்டாள். பேச்சு அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. “எங்க வீட்டுக்காரி இருட்டையே டப்பாவுல போட்டு வித்துடுவா” என்று ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் அவள் கணவர் பெருமையடிப்பார். அவளுக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும்.

ஒரு மத்தியானம் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர். கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு தங்கியிருந்தது.

“என் சின்னப் பொண்ணு ஷட்டில் ஆடுறாம்மா. ஃபைனலுக்கு வந்துட்டா. முட்டி கெட்டுப்போச்சு, இதோட நிறுத்திக்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளோட கடைசி ஆட்டம். நல்லதா நாலு படம் எடுத்து வச்சுக்கணும்.”

“வெளியில ஆடுறாங்களா சார், உள்ளயா?”

“உள்ளதான். மேல ஏதோ விளக்கு எரியும், அவ்வளவுதான்.”

இந்த இடத்தில் அவளுக்குச் சரியான பதில் தெரியும். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் அவளிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். உள்ளரங்கத்தில் ஓடும் ஆளை எடுக்க வேண்டுமென்றால் சூம் இல்லாத குட்டி லென்ஸ்தான் சரி, அது வாயை அகலத் திறந்து வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும், ஷட்டர் சட்டென்று மூடும், ஆள் அசங்காமல் விழும் என்று. அந்தக் குட்டி லென்ஸ் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விலையும் குறைவு.

ஆனால் அன்று காலையில்தான் மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். “ரெட்டை லென்ஸ் செட்டு குவிஞ்சு கிடக்கு. இந்த மாசம் அது காலியாகணும்.”

அவள் ரெட்டை லென்ஸ் செட்டை எடுத்து வைத்தாள். சின்ன சூம் ஒன்று, பெரிய சூம் ஒன்று. அவர் பெரிய லென்ஸின் வளையத்தைத் திருகிப் பார்த்து, “கடைசல் சுத்தமா இருக்கு” என்றார். பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்விட்சைக் காட்டி, “இத போட்டுட்டா கை நடுங்கினாலும் படம் ஆடாது சார்” என்றாள்.

அவர் சிரித்தார். “என் கையா? தலைமுடி அளவுக்குப் பிசகினாலே எங்க வேலையில பீஸ் குப்பைக்குப் போயிடும்மா. இந்தக் கை நடுங்காது.”

“வெளிச்சம் கம்மின்னு சொல்றீங்களே, ஃபிளாஷ் ஒண்ணு வச்சுக்கங்க” என்று அதையும் சேர்த்தாள். அப்புறம் லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர், வெயில் மறைப்பு, தோள்பை. கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டத்துக்கு வெயில் மறைப்பு எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. “அம்மாடி, பொண்ணு வீட்டு சீர் மாதிரி இருக்கே” என்று அவர் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். குரல் தணிந்திருந்தது.

“ஃபிளாஷ் அடிச்சதுமே நடுவர் ஆட்டத்த நிறுத்திட்டாரும்மா. இங்க ஃபிளாஷ் போடக் கூடாதாம். மைக்குல ‘யாருங்க அது’ன்னு கேட்டாரு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. என் பொண்ணும் பார்த்தா.” கேமராவை மேஜைமேல் வைத்தார். “அப்புறம் ஃபிளாஷ் இல்லாமலே எடுத்தேன். நீயே பாரு.”

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் பெண் ஒரு புகைபோல இருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழுப்பு. மட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

“என் கைதான் ஆடியிருக்கு. வயசாகுதில்ல? எனக்கே தெரியாம நடுக்கம் வந்திருக்கும்மா” என்றார்.

ஆனால் வலை தெளிவாக இருந்தது. முடிச்சு முடிச்சாக எண்ணலாம். நடுவரின் நாற்காலிக் காலில் உரிந்த பெயின்ட்கூடத் தெரிந்தது. கை ஆடியிருந்தால் வலையும் சேர்ந்து கலங்கியிருக்கும். கை ஆடவில்லை. லென்ஸுக்கு வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாக மூடியிருக்கிறது, அதற்குள் பெண் ஓடிவிட்டாள். அவளுக்கு இது பார்த்ததுமே புரிந்தது. மேனேஜர் பின்னால் கைகட்டி நின்றிருந்தார்.

“இருக்கலாம் சார்” என்றாள். “ஒத்தக்கால் ஸ்டாண்டு ஒண்ணு இருக்கு. இனிமே வீட்டுல எத எடுத்தாலும் அதுமேல வச்சு எடுத்தீங்கன்னா கை ஆடினாலும் பரவால்ல.”

அவர் அதையும் வாங்கினார். “உனக்குப் புண்ணியமா போகும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று மதியத்துக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போனாள்.

மழைக்காலம் முடியும்போது அவருடைய மனைவி வந்தாள். தோள்பையை மேஜைமேல் வைத்து, “இத எடுத்துக்குவீங்களா?” என்றாள். “வீட்டுல இது கண்ணுல பட்டாலே அவருக்கு முகம் விழுந்துடுது. கை போச்சு, கை போச்சுன்னு ஒரே புலம்பல். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லியும் நம்பல. பட்டறையில தானே போய்ச் சொல்லி லேத்த விட்டுட்டு ஸ்டோர் ரூமுக்கு மாறிக்கிட்டாரு. நட்டு போல்ட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.”

வித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மேனேஜர் சொன்னார். அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சூம் அக்கா, ஊரே கேட்கப் பேசுகிறவள், கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் வேன் சாவியைக் கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். “வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்தானே” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். இருட்டை விற்கிற கதையை அதற்கப்புறம் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறை நாளில் பட்டறையைத் தேடிப் போனாள். அவர் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். உள்ளே லேத்துகள் ஓடுகிற சத்தத்தில் அவள் உரக்கப் பேச வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைக் கத்திச் சொன்னாள்.

“உங்க கை ஆடல சார். நான் குடுத்த லென்ஸ்தான் அதுக்கு லாயக்கில்ல.”

“என்னது?”

“லென்ஸ் சார்! உங்க கையில ஒரு குறையும் இல்ல!”

பக்கத்தில் இரும்பு எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்தார். வலையைப் பற்றி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது உனக்கு எப்ப தெரியும்?”

“விக்கும்போதே தெரியும். நீங்க படத்தக் கொண்டாந்து காட்டினப்பவும் தெரியும்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக அவள் சொன்னதற்குத் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “எனக்கு எதுவும் வேணாம். அப்பா கை போச்சுன்னு என் பொண்ணு எனக்காக அழுதிருக்காம்மா. அவகிட்ட வந்து சொல்லு.”

வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் முன்னால் நடந்தார். பெண் முட்டியில் பட்டை கட்டியிருந்தாள், துணி மடித்துக்கொண்டிருந்தாள். சூம் அக்கா நின்றபடியே இரண்டாம் முறை சொன்னாள். இந்த முறை சத்தமே இல்லாத அறை. முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

“அப்போ அன்னைக்கு ஒரு படம்கூட விழல, அப்படித்தானே?” என்று கேட்டாள் பெண்.

“ஆமாம்மா.”

“அந்த ஆட்டத்துல நான் ஜெயிச்சேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைக்கத் திரும்பிக்கொண்டாள். அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று, “சரி, சொல்லிட்டீங்கல்ல, கிளம்புங்க” என்றாள். வாசல்வரை யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் லேத்துக்குத் திரும்பிவிட்டதாக, பட்டறைத் தெருவில் ரொட்டி போடும் கணவர் வந்து சொன்னார். அவள் மேனேஜரிடம் கேட்டு மிக்சி பக்கத்துக்கே மாறிக்கொண்டாள். “இவ்வளவு நல்லா விக்கிறவங்க யாராவது இத விடுவாங்களா? பைத்தியமா உனக்கு?” என்றார் மேனேஜர். இருக்கலாம் சார் என்றாள். சொன்ன பிறகுதான், அன்றைக்கு லேத்துக்காரரிடமும் இதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னோம் என்று உறைத்தது. காது மடல் சுட்டது.

வெயில் காலத்தில் ஒருநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. அவரே பேசினார்.

“இப்ப எங்க வேலை?”

“அதே கடைதான் சார். மிக்சி விக்கிறேன்.”

“ம்” என்றார். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டார். அவள் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். கைப்பையில் எதையோ தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.