என் கெட்டித்தனம் மாற்றிய ஓர் எழுத்து

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். இடமாற்றத்தில் கண்டிக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கணினி தெரிந்த ஆசிரியை என்றால் பாடசாலையின் எழுத்து வேலை எல்லாம் அவள் தலையில்தான் விழும். சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பும் வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது. பதினோராம் தரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அவரவர் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தரச் சொன்னேன். அவர்களுக்கும் பழக்கமாயிற்று, என் வேலையும் முடிந்தது என்று நினைப்பு.

ஒரு பிள்ளையின் பெயரில் 'வீ' வர வேண்டிய இடத்தில், சிங்களப் பெயர்களில் வருவதுபோல 'டபிள்யூ' இருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். என் கை சும்மா இருக்குமா? விண்ணப்பத்தில் 'வீ' என்று மாற்றினேன்.

"டீச்சர், எங்க பத்திரத்துல அப்படித்தான் இருக்கு" என்றாள் மெதுவாக.

"எங்கட பேருக்கு ஆர் பிள்ளை டபிள்யூ போடுறது? பிழையெண்டால் திருத்தத்தானே வேணும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தாள். அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விண்ணப்பங்கள் போய், முடிவுத் திகதியும் கடந்துவிட்டது. ஒருநாள் அதே வகுப்பிடம், இரண்டு பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டு, பொருந்தாத பெயரை மட்டும் திரையில் காட்டும் கணினிச் செய்நிரல் ஒன்றை எழுதச் சொன்னேன். கையில் இருந்த பட்டியல்களையே கொடுத்தேன். ஒன்று பிள்ளைகள் தட்டச்சு செய்தது, மற்றது நான் அனுப்பியது. இரண்டும் ஒன்றுதான், ஆகவே திரை வெறுமையாக இருந்தால் செய்நிரல் சரி என்று சொல்லியும் வைத்தேன். நான் எழுத்தை மாற்றியது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

அவள்தான் முதலில் முடித்தாள். திரையில் ஒரு பெயர் இருந்தது. "எங்கையோ பிழை விட்டிட்டாய், திரும்பப் பார்" என்றேன். வரி வரியாகப் பார்த்துவிட்டு மறுபடி இயக்கினாள். அதே பெயர். அதற்குள் மற்றக் கணினிகளிலும் அந்தப் பெயரே வரத் தொடங்கியது. அது அவளுடைய பெயர்.

"செய்நிரல் சரிதான் டீச்சர். பேருதான் மாறியிருக்கு" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடையாள அட்டையில ஒரு பேரு, இதுல ஒரு பேரு. என்னைய பரீட்சை எழுத விடுவாங்களா?"

ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு ஆள் என்று வாரம் தவறாமல் படிப்பித்தவள் நான்தான்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவர். சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க டீச்சர். எங்கப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பதிவுல ஒரு பேரு, பிரஜாவுரிமைப் பத்திரத்துல ஒரு பேரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு காட்டவே அவரு ஆயுசு போயிடுச்சு. அதான், பத்திரத்துல என்ன இருக்கோ அதயே எழுதுன்னு புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகளிடமும் அதே வகுப்புக்கு முன்னால் கேட்டேன்.

பிறகு அதிபரின் கடிதத்தையும் சான்றிதழின் பிரதியையும் எடுத்துக்கொண்டு கொழும்பிலுள்ள பரீட்சைத் திணைக்களத்துக்குப் போனேன். ஒரு கையொப்பம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் போனேன். ஒரு பிள்ளையின் பதினொரு வருடப் படிப்பை என் வாய்க்கொழுப்பு கெடுத்துவிட்டதோ என்று அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது திருத்திய அனுமதி அட்டை வந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு டீச்சர்" என்றாள். நல்ல பெறுபேறும் எடுத்தாள். ஆனால் பாடசாலையை விட்டுப் போகும்வரை என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

இப்போது ஒரு பிள்ளை எழுதியதில் கை வைக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறேன். பிழையைத் திருத்தும்வரை கணினி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும், பிள்ளையோ ஒரு தடவைதான் சொல்லும் என்பதை நான் படித்துக்கொண்டது, அவளுடைய குரலை இழந்த பிறகுதான்.