யசோ அக்கா என்னை மன்னிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கம்பெனி பஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. யசோ அக்காவின் முகம், சுற்றிலும் மாலை போட்ட சட்டம், கீழே ஆழ்ந்த இரங்கல். காலையில் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அடுத்த செய்தி சொன்னது. அந்தப் படம் போன ஆயுத பூஜையன்று எடுத்தது. வெட்டிய ஓரத்தில் யாருடைய முழங்கையோ மிச்சம் இருந்தது. உற்றுப் பார்த்தேன். என்னுடையது.

நீங்கள் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ‘பொய்க்காரி’ என்று தட்டினேன். முதல் நாள் சாயங்காலம் பெங்களூர் நீலசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “திங்கக்கெழம பாப்போம்” என்று சொன்னவர் அவர். சொன்னால் நடக்க வேண்டும். அனுப்பும் குறியின் மேல் என் கட்டைவிரல் நின்றது. ஒரு தட்டு தட்டியிருந்தால் பஸ்ஸில் வரும் நாற்பது பேரும் படித்திருப்பீர்கள். பிறகு கைபேசியை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கோபம் வந்தால் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

நம் தொழிலாளர் சங்க இதழுக்காக என்னை எழுதக் கேட்டவர்கள், “நல்லதா நாலு வார்த்த எழுதும்மா” என்றார்கள். செத்தவரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். எனக்கு அது ஒத்துவராது. ஒருவரைத் தெய்வமாக்கவும் எனக்குத் தெரியும், பிசாசாக்கவும் தெரியும். மனுஷியாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அக்காவை இன்று தெய்வமாக்கி எழுதினால் அடுத்த வாரமே அவரைச் சபித்துக்கொண்டு திரிவேன். அதனால் உள்ளதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு நான் ‘அந்த ஒரு மாதிரி பொண்ணு’. அந்த மாதிரிக்குப் பெயர் உண்டு, ஒன்றல்ல, இரண்டு. டாக்டர்கள் முதலில் சொன்னது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஆளையே பிடித்து உலுக்கும்; பதில் சொல்லப் பத்து நிமிடம் தாமதித்தவர் பதினோராவது நிமிடம் எதிரி ஆகிவிடுவார். சில வருடம் கழித்து இன்னொரு டாக்டர், என் சின்ன வயதுக் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆட்டிசமும் இருக்கிறது என்றார். ட்யூப்லைட் இரைவது எனக்குக் காதில் ஊசி குத்துவது. தொடக்கூடாது. போட்ட திட்டம் மாறக்கூடாது. ஒன்று ‘என்னைத் தனியாக விடு’ என்கிறது, மற்றது ‘விட்டுப் போகாதே’ என்கிறது. எதிரில் நிற்பவர் எதைத்தான் கேட்பார்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் முதலில் சொன்னது யசோ அக்காவிடம்தான். சொல்ல வேண்டி வந்தது. மருந்து பாட்டில்களுக்கு ஒட்டும் லேபிள்களைச் சரிபார்க்கும் மேசையில் அவர் என் பக்கத்தில் இருந்தார். ஒரு நாள் பின்னாலிருந்து வந்து பிரியமாகத் தோளில் கை வைத்தார். நான் போட்ட கூச்சலில் இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தார். அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “நான்தான் சார், இவ மேல கை வெச்சேன், தப்பு என்னுது” என்றார். சூப்பர்வைசர் போன பிறகு என் பக்கம் திரும்பி, “தொட்டா புடிக்காதுன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? எனக்கு ஜோசியமா தெரியும்?” என்று கடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெயர்களையும் சொன்னேன். சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டார். “ரெண்டுமா? செரி. இன்னிக்கி எது டூட்டின்னு காலையில பஸ் ஏறும்போதே சொல்லிடு, அதுக்குத் தக்க பேசிக்கிறேன்.”

“ரெண்டும் ஒரே ஷிஃப்டுதான்க்கா.”

“அய்யோ பாவம், லீவே கெடையாதா?”

அவர் சிரித்தார். எனக்கு அது வேடிக்கை என்று புரிய அரை மணி நேரம் ஆனது. புரிந்தபோது மேசையில் தனியாகச் சிரித்தேன். அந்த வேடிக்கையை என்னைக் கேட்காமல் அடுத்த வாரமே பஸ் முழுக்கப் பரப்பியதும் அவர்தான். அக்காவுக்கு வாயில் ஒன்றும் தங்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது அவரைப் பற்றியதாக இருக்காது.

அதன் பிறகு ஒரு வருடம் அவர் எனக்குத் தெய்வம். கோலார் தங்க வயலில் சுரங்கத்து வேலைக்காரர் வீட்டில் பிறந்து, வளர்ந்த பிறகு பெங்களூருக்கு வந்தவர். அவர் பேச்சு, அவர் கொண்டு வரும் டிபன், அவர் கட்டும் புடவை நிறம் எல்லாவற்றையும் காப்பி அடித்தேன். ஒரு நாளைக்கு இருபது முறை போன் செய்வேன். அவர் சலித்துப்போய்ச் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்ல ஆரம்பித்தார். பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. உள்ளே சேர்த்து வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் என் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “பின்னாடி எடம் இருக்கு பாரு கலை” என்றார். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றுமே நடக்கவில்லை. கம்பெனி இருக்கும் ஹெப்பகோடி வந்து சேர்வதற்குள் தெய்வம் போய்விட்டது.

நான் செய்ததை நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதையும் என் கையாலேயே எழுதிவிடுகிறேன். இயந்திரத்தில் ஒவ்வொரு மருந்தும் ஓடுவதற்கு முன்பு, பழைய லேபிள் ஒன்றுகூட மேசையில் மிச்சமில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அது நம் மேசையின் சட்டம். அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு வருடம் முன்பு, சத்தம் தாங்காமல் நான் கழிவறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டு என் கையெழுத்தையும் அவரே போட்டார். என் வேலையைக் காப்பாற்றப் போட்டார். அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் தரப்பிரிவுக்குப் போய் அதைச் சொன்னேன். தேதி சொன்னேன், மணி சொன்னேன், எந்த மருந்து என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் மறக்காது. எடுத்துப் பார்த்தார்கள், நான் சொன்னபடியே இருந்தது.

பத்து நாள் சஸ்பெண்ட். திரும்பி வந்தபோது அவருக்கு மேசை இல்லை. அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள், நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலை. அவருக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. பொய் சொல்லியிருந்தால், பொய் சொன்னேன் என்று காலில் விழுந்திருக்கலாம். நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆட்டிசம் உண்மையைப் பத்திரமாக வைத்திருந்தது, மற்றது அதை எடுத்து வீசியது. இப்படிச் சொல்லி என் பழியை நோயின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கித் தரப்பிரிவு வரை நடந்து போன கால்கள் என்னுடையவை.

ஐந்து மாதம் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வேலைக்கு வந்தேன், லேபிள் பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. இருப்பதா போவதா என்று யோசித்த நாட்களும் உண்டு. ஒரு முறை என் அண்ணன் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒரு நாள் மழையில் சில்க் போர்டு சந்திப்பு அருகே பஸ் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றது. சுற்றிலும் ஹாரன். நான் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுங்கி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்சீட்டிலிருந்து எழுந்து வந்தார். தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு பேசினார்.

“நல்லாக் கேட்டுக்கோ. உன்ன நான் மன்னிக்கல. அதுக்காகக் காத்துக்கினு இருக்காத. நீ பண்ணது துரோகம். ஆனா நாளைக்கும் இதே பஸ்லதான் வருவேன், உனுக்கு வணக்கமும் சொல்வேன். கோவம் வேற, போறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத. எனக்கே பேஜாரா கீது.”

முப்பது வயதைத் தாண்டிய எனக்கு இதுவரை யாரும் சொல்லாத செய்தி அது. கோபப்பட்டவர்கள் போய்விடுவார்கள் என்றே நினைத்திருந்தேன். அதனால் அவர்கள் போவதற்கு முன் நானே அடித்து விரட்டிவிடுவேன். அக்கா மறுநாள் வந்தார். வணக்கம் சொன்னார். முகம் உர்ரென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. சண்டை வந்தால், “கோவமா இருக்கேன், நாலரைக்குப் பேசுறேன்” என்பார். நாலரைக்குப் பேசுவார். ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. அதற்குள் நான் அவர் எண்ணை அழித்து, கேட் பக்கம் நடந்து, செக்யூரிட்டியிடம் அழுதுகொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஓடி வந்தவர், “லேட்டுன்னா லேட்டு, அவ்ளோதான்! நம்பர மறுபடி ஏத்து” என்று அங்கேயே நின்று எண்ணைச் சொன்னார். எண் எனக்கு மனப்பாடம் என்று நான் சொல்லவில்லை.

அப்படியும் மன்னிக்கவில்லை. முழங்கால் வலிக்கும் நாட்களில் என்னைப் பார்த்து, “உன் புண்ணியம்தான்” என்பார். அந்த வார்த்தை தோலை உரிக்கும். உரித்துவிட்டு, கேரட் பொரியலை என் டப்பாவில் தள்ளுவார், என் சோற்றில் படாமல் ஒரு ஓரமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நீலசந்திராவில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருவை அடைத்துப் பந்தல், சிமெண்டில் நாற்காலி இழுபடும் சத்தம், வெள்ளை உடுத்திய சொந்தக்காரர்கள், உள்ளே புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்திகள். நீங்களும் இருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் பேச்சு நின்றது. வாசலில் அக்காவின் மகள் கௌதமி. அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“நீங்கதான கலை? எங்கம்மாவ நிக்கவெச்ச கலை?”

“ஆமா” என்றேன்.

“அம்மா உங்கள மன்னிக்கவே இல்ல. தெரியுமா?”

“தெரியும். என்கிட்டயே சொல்லியிருக்காங்க.”

“அப்புறம் இன்னாத்துக்கு வந்தீங்க?”

உங்களில் யாரோ, “போய்டு கலை, அப்பறம் பாத்துக்கலாம்” என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கை பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கத்தவும் வந்தது, ஓடவும் வந்தது. இரண்டையும் செய்யாமல் நிற்பதற்கு எனக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். உண்மைதான் வந்தது.

“நானும் அவங்கள மன்னிக்கல. ஒரு வார்த்த சொல்லாம செத்துப் போய்ட்டாங்க. ரொம்பக் கோவமா இருக்கேன். அதான் வந்தேன்.”

பந்தலில் யாரோ ‘ச்சே’ என்றது கேட்டது. கௌதமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உதடு கோணியது.

“சாயங்காலம் ஆப்பம் சுட்டுத் தரேன்னாங்க” என்றாள். “மாவு அப்பிடியே கீது. எனக்கும் கோவந்தான்.”

வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். தொடாமல், கையால் வழி காட்டினாள்.

புத்தம் சரணம் சொல்லி, அக்காவை எடுத்துப் போகும் வரை அங்கே இருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தெருமுனைக்குப் போய் மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தேன்.

யசோ அக்காவின் பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை, அவர் மன்னிப்பும் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த இரண்டு வரிகளில் ஒன்றை அடிக்காமல், பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்க எனக்கு முப்பத்தாறு வயதாகியிருக்கிறது.