ஆர்டிஸ் ஹௌகன் வேண்டாம் என்றபோது

எங்கள் ஊரில் பள்ளிக்கு விடுமுறை விடுவது பனிதான். ஆனால் அதைச் சொல்வது பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் ஆர்டிஸ் ஹௌகன். பனி அதிகமாகக் கொட்டிய நாட்களில் காலை ஐந்தரைக்கு எல்லா வீட்டுத் தொலைபேசியிலும் அவள் குரல் வரும். "ஆர்டிஸ் பேசறேன். இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்ல. பஸ் ஓடாது. பத்திரமா இருங்க." அவ்வளவுதான். இருபத்தொரு வருடங்களாக இதே சொற்கள். கடையில் அவளைப் பார்த்துவிட்டால் குழந்தைகள் ஒரு முறை அதைச் சொல்லிக்காட்டச் சொல்லிக் கேட்பார்கள். மே மாதத்தில்கூடக் கேட்பார்கள். சொல்ல மாட்டாள். பொய்யாகிவிடும் என்பாள்.

சென்ற வருடம் எங்கள் வட்டாரப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குத் தகவல் அதிகாரி ஒருவர் வேண்டும் என்று முடிவானது. அறிவிப்புகள் எல்லாம் இனி அவர் வாயிலாகத்தான். தகுதி, தொடர்பியலில் முதுகலை. அதிலும் புயல், வெள்ளம் வந்தால் ஊருக்கு எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரும் பேரிடர்த் தொடர்பைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்க வேண்டும். படிப்பில் சேர்ந்து அந்தப் பாடத்தில் இடமும் வாங்கிவிட்டால் வேலையை ஆர்டிஸுக்கே வைத்திருப்பதாகப் பள்ளிக் கண்காணிப்பாளர் சொன்னார். இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாராவது வந்து ஐந்தரை மணிக்குப் பேசுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் ஆர்டிஸ் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அவள் கணவன் ஆர்லின் அதிகம் பேசாதவன். அன்று பேசினான். "நீ ஒரு வார்த்தை சொன்னா ஊரே வீட்ல உக்காந்துருது. இதுக்கு மேல என்னத்தப் படிக்கப்போற?"

அவள் சேர்ந்த துறையில் லவோன் என்கிற நான் அலுவலக எழுத்தர். இருபத்தாறு வருடங்களாக அங்கே இருக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் எனக்கு அடுத்த நாற்காலி ஆர்டிஸுடையது. துறையில் ஒரு புதுப் பேராசிரியர், பெட்ரோசெல்லி. நியூ ஜெர்சிக்காரர். வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனிதர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவர். மாணவர்கள் எந்தச் சிறப்புப் பாடம் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது அவர் பொறுப்பு.

பாடங்கள் நான்கு. மூன்றுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். பேரிடர்த் தொடர்புக்கு மட்டும் எட்டு இடம். கவுண்டி நிர்வாகத்தின் அவசரக் கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி, அங்கே எட்டு நாற்காலிதான். ஏழு நிரம்பிவிட்டது. அது கெட்ட சகுனம். எங்கள் ஊரில் தட்டில் இருக்கும் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள், பிறகு பாதியில் பாதி. கடைசியில் தூள் மிஞ்சும், அதற்கு மேல் மூடி போட்டு வைப்பார்கள். நாற்காலியை அப்படி வெட்ட முடியாது.

ஆர்டிஸ் பெட்ரோசெல்லியின் அறைக்குள் போனபோது கதவு திறந்திருந்தது. என் மேசை வெளியேதான். கேட்க வேண்டுமென்று நினைக்காமலே கேட்கும்.

"ஒரே ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு வேணுமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாங்க. வேற யாருக்காவது ஆகும்."

"சரி" என்றார் அவர். எழுதினார். எழுந்து கை குலுக்கினார்.

எங்கள் ஊரில் ஒரு கோப்பை காபிக்கே மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டு முறை வேண்டாம் என்பது மரியாதை. முதல் தடவையிலேயே சரி என்றால், அந்த வீட்டில் யாரோ பட்டினி கிடக்கிறார்கள் என்று பேச்சு வரும். ஆர்டிஸ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மேல்கோட்டைப் போட்டாள், பொத்தான் போடவில்லை. இரண்டாவது முறை கேட்க அவர் வருவார் என்று காத்திருந்தாள். நாற்பது நிமிடம். வந்தார். பஸ்ஸுக்கா காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, சும்மா என்றாள். நல்லது என்று சொல்லிப் போய்விட்டார். அது கேட்டதாகக் கணக்கில் வராது.

மறுநாள் அவர் படிவத்தை என்னிடம் தந்தார். பேரிடர்த் தொடர்பு என்ற கட்டத்துக்கு எதிரே 'விருப்பமில்லை' என்று எழுதியிருந்தது. அவளுக்கு அது வேண்டும் என்று நான் நேராகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவளை நடுத்தெருவில் நிறுத்தியது போல ஆகும். அதனால் என்னால் முடிந்த அளவு கடுமையாகச் சொன்னேன். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்குங்க, புரொபஸர்." இங்கே ஒருவர் தொப்பியைப் பார்த்து அப்படிச் சொன்னால் அந்தத் தொப்பி பிறகு அலமாரியை விட்டு வெளியே வராது. அவர் நன்றி என்றார்.

பிறகு அந்த இடத்தை அவர் மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். ஒருவர் விடாமல் கேட்டார், ஒருவர் விடாமல் மறுத்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்யும் கர்ட்டிஸ் ஓபர்க்குக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது. அவனும், ஆர்டிஸ் இருக்காங்களே என்று தலையைக் குனிந்துகொண்டு போனான். புதன்கிழமை பெட்ரோசெல்லி என்னிடம் வந்து, இந்த ஊர்க்காரர்களுக்குப் பேரிடரில் அக்கறையே கிடையாது என்றார். வெள்ளி நண்பகலுக்குள் எட்டாவது பெயர் போகாவிட்டால் கவுண்டிக்காரர்கள் நாற்காலியை வேறு கல்லூரிக்குத் தந்துவிடுவார்கள். அந்தப் பாடம் மறுபடி வர இரண்டு வருடம். பள்ளி மாவட்டம் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காது.

அன்று மாலைப் பாட்டுப் பயிற்சியில் ஆர்டிஸ் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன். நியூ ஜெர்சிக்காரர் மனிதர்களைச் சந்தேகிப்பார், படிவங்களைச் சந்தேகிக்க மாட்டார். வியாழன் காலை ஒரு படிவம் தட்டச்சு செய்தேன். ஏற்கனவே இருந்த படிவத்தின் எண் பதினான்கு. இதற்குப் பதினான்கு-அ என்று எண் கொடுத்தேன். முதல் அழைப்பு, பதில். இரண்டாம் அழைப்பு, பதில். மூன்றாம் அழைப்பு, பதில். கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மூன்று வரியும் நிரம்பாமல் மேலிடத்தில் வாங்க மாட்டார்கள் என்றேன். என்ன ஊர் இது என்றபடி வாங்கிக்கொண்டார்.

ஆர்டிஸைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து விட்டுப்போனதாகச் சொன்னேன். வெள்ளி பதினொன்றரைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்திருந்தாள்.

"மிஸஸ் ஹௌகன், இரண்டாம் அழைப்பு" என்று அவர் நீதிமன்றத்தில் வாசிப்பது போல வாசித்தார். "ஒரு இடம் இருக்கு. வேணுமா?"

ஆர்டிஸின் கழுத்து சிவந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. "வேண்டாங்க. கர்ட்டிஸுக்குக் குடுங்களேன்."

"கர்ட்டிஸ் உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு."

"அவன் அப்படித்தான் சொல்லுவான்."

"சொன்னா அதுதானே அர்த்தம்?"

அந்தக் கேள்வியை ஆர்டிஸ் மரியாதையாக விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு காற்று வடக்கே திரும்பியிருக்கிறது என்றாள்.

அவர் இரண்டாவது வரியில் மறுப்பு என்று எழுதிப் பேனாவை மூடப் போனார். இன்னும் ஒரு வரி இருக்கிறது என்று என் மேசையிலிருந்தே நினைவூட்டினேன்.

"மூணாவது அழைப்பு" என்றார். குரலில் உயிரே இல்லை. "வேணுமா?"

"சரி... உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லேன்னா."

மீதியைச் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். மீதி எதுவும் இல்லை. எங்கள் ஊரில் இதைவிடக் குறைவான சொற்களில் கல்யாணமே முடிவாகியிருக்கிறது.

"இது ஆமாவா, இல்லையா?"

"நான் மாட்டேன்னு சொல்லலியே."

"ரெண்டு தடவ சொன்னீங்க. எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

மணி பதினொன்று ஐம்பது. மூன்று வரிதான் போட்டிருந்தேன். நான்காவது வரி போட எனக்குத் தோன்றவில்லை. அவர் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்குப் புரியல. நீங்களே போடுங்க."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அச்சுப்பொறியைப் பார்த்தேன். இருபத்தொரு வருடங்களாக ஊருக்கெல்லாம் இல்லை, ஓடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பேனாவை எடுத்தாள். 'ஆம்' கட்டத்தின் ஒரு மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், சின்னதாக ஒரு கோடு போட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, குனிந்து தேடினார். ஆர்டிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதே இடத்தில் மறுபடி போட்டாள். தாள் கிழிந்தது.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் நான் பெயரை அனுப்பினேன்.

ஆர்டிஸ் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான் பேசினாள்.

"எடுத்துக்கிட்டேன், லவோன். என்ன செய்யறது. பாவம், அந்த மனுஷன் அப்படிக் கெஞ்சினாரு."